அநாதைக் கதாநாயகனும் அப்பாவின் டைனமோவும்

கேள்வி: நான் கனடாவில், ஸ்கார்பரோவில் பெற்றோருடன் வசிக்கும் 29 வயது மென்பொருள் பொறியாளன். தமிழில் ஓர் அறிவியல் புனைகதை நாவல் எழுதிவருகிறேன். 2190ஆம் ஆண்டு, ஒரு கொடுங்கோலனின் முற்றுகைக்குள் ஒரு நகரம், மின்சாரம் உண்டாக்குவது அங்கே குற்றம். யாருமற்ற கதாநாயகன் ஒரு பழைய கணினிச் சில்லைக் கண்டெடுத்து, ஒரே இரவில் எல்லாவற்றையும் கற்று, ஊருக்கும் கற்பிக்கிறான். சாதாரண ஆட்கள் கற்றுக்கொள்ளும் பகுதியை நம்ப முடியவில்லை என்கிறார்கள் நண்பர்கள். வீட்டிலோ எழுத அமைதி இல்லை. நிலவறையில் மேசை போடலாம் என்றால், 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது அப்பா கொண்டுவந்த சைக்கிள் டைனமோ, வயர்த் துண்டுகள், உடைந்த வானொலி என்று ஒரு பெட்டிச் சாமான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. எறிந்துவிடலாம் என்றேன், இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், நான் எழுதுவது அவருக்கு விளங்காது. தனி வீடு எடுத்துப் போய்விடலாமா? நாவலை எப்படிச் சரிசெய்வது?

பதில்: தம்பி, உம்முடைய நண்பர்கள் சொன்னது சரி. அந்தப் பகுதியை நானும் நம்பவில்லை. எழுதுகிறவருக்குத் தனிமை வேண்டும், இந்த வயதில் இதெல்லாம் இயல்பு என்று நான் தடவிக்கொடுப்பேன் என எதிர்பார்த்திருப்பீர். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் பெற்றோர்தான் எழுத்துக்கு இடைஞ்சல். அவர்களை விட்டுப் போனவர்களின் எழுத்தைத்தான் இன்னும் காணவில்லை.

அந்தப் பெட்டிக்கு வருவோம். நாட்டை விட்டு வந்தவர்கள் தாலிக்கொடி கொண்டுவந்தார்கள், பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள், கல்யாணப் படம் கொண்டுவந்தார்கள். உம்முடைய அப்பா டைனமோ கொண்டுவந்திருக்கிறார். ஏன் என்று இந்த 29 வயதுக்குள் ஒரு தடவையாவது கேட்டீரா? முற்றுகைக்குள் இருக்கும் நகரத்தைத் தேடி 2190 வரைக்கும் போயிருக்கிறீர். அப்படி ஒரு நகரத்தில் குடும்பம் நடத்திய மனிதர் மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பற்றரி, பெற்றோல், சீமெந்து, யூரியா என்று குடாநாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாத பொருட்களுக்கு அரசு பட்டியல் போட்டது. அதில் பற்றரி இருந்ததைக் கவனியும். வானொலிப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருந்தது, அதற்கு உயிர் கொடுக்க ஒன்றும் இல்லை. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள், துளை போட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். அதுவும் முடிந்தபோதுதான் சனம் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தது.

நீர் பொறியாளர், ஆகவே இதை விளக்கமாகவே சொல்கிறேன். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட் விளக்குக்காகச் செய்தது. அதிலிருந்து வருவது ஆடலோட்டம், திசை மாறி மாறி ஓடுவது. வானொலிக்கு வேண்டியது நேரோட்டம், ஒரே திசையில் ஓடுவது. அப்படியே தொடுத்தால் வானொலி பாடாது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு நான்கு வேண்டும், இரைச்சலை அடக்க ஒரு மின்தேக்கி வேண்டும். கடையில் கிடையாது, ஆகவே செத்துப்போன இன்னொரு வானொலியை அறுத்து எடுக்க வேண்டும். அதோடு முடிந்ததா? விளக்கை விட வானொலி மிகக் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். வேகமாகச் சுற்றினால் வோல்ட் எகிறிப் பெட்டி எரிந்துபோகும், மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துவிடும். எங்கே ஷெல் விழுந்தது, யார் செத்தார்கள் என்று வாசித்துக்கொண்டிருக்கும்போது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றுகிற பிள்ளை கையை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். மாமன் வீடு இருக்கும் ஊரின் பெயர் வந்தாலும் நிறுத்தக் கூடாது. உம்முடைய நாவலில் இதற்கு ஈடாக ஒரு பக்கம் இருக்கிறதா?

உம்முடைய அப்பா எந்த முறையில் செய்தார் என்பது எனக்குத் தெரியாது. வயர்த் துண்டு என்று நீர் எழுதியதை எடுத்துப் பாரும், அதில் எங்கேயோ டயோடு ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கும். பத்தாம் வகுப்போடு நின்றவர் என்றீரே, அதை அவருடைய குறையாக எழுதினீரா, நாவலுக்குத் தகவலாக எழுதினீரா? தகவல் என்றால் நீர் தேடுகிற பாத்திரம் அதுதான்.

இனிக் கதாநாயகன். ஏனடா தம்பி அவனை அநாதையாக்கினீர்? பெற்றோரை வைத்தால் எழுதச் சிரமம் என்று நான் நினைக்கிறேன். தடை இருக்கும் ஊரில் எவனும் தனியாகக் கற்பதில்லை. ஒருவர் ஈயம் பற்றவைக்கும்போது இன்னொருவர் படலையில் நிற்பார். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் செய்ய முடியாது, ஆகவே பக்கத்து வீட்டையும் நம்ப வேண்டும். 1942இல் இந்திய விடுதலைப் போராட்டத்துக்காகப் பம்பாயில் இரகசியமாக நடந்த காங்கிரஸ் வானொலியை எடுத்துக்கொள்ளும். அதை நடத்தியவர்களில் ஒருவரான உஷா மேத்தாவுக்கு அப்போது 22 வயது, தகப்பனார் ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிபதியாக இருந்தவர். இடத்தை மாற்றி மாற்றி ஒலிபரப்பினார்கள். ஆகஸ்டில் தொடங்கியது நவம்பரில் பிடிபட்டது. காட்டிக்கொடுத்தவர் அவர்களோடு வேலை செய்த தொழில்நுட்ப ஆள். அந்தப் பெண் நான்காண்டு சிறைத் தண்டனை பெற்றார். உம்முடைய நாவலில் கற்றுத் தருகிற சில்லு யாரையும் காட்டிக்கொடுக்காது, அதனால்தான் அங்கே பயமும் இல்லை.

இன்னொன்று. உம்முடைய நகரத்தில் கொடுங்கோலன் ஒருவன்தான். யாழ்ப்பாணத்தில் அரசு சாமானை உள்ளே விடவில்லை, புலிகள் பாஸ் இல்லாமல் ஆளை வெளியே விடவில்லை. நடுவிலே வாழ்ந்த சனத்துக்கு இரண்டு பேருடைய சட்டமும் மனப்பாடம்.

எதிர்காலம் என்றால் எல்லாம் புத்தம்புதிதாக இருக்கும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடும். தடை வந்தால் புதியதுதான் முதலில் படுக்கும். பெற்றோல் இல்லாத காலத்தில் மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஊரே வெள்ளைப் புகை. மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாக வேண்டுமானால் இயந்திரம் சுட வேண்டும். அழுத்தம் கூடிய புதிய இயந்திரத்தில் அது தாறுமாறாக வெடித்து டக் டக் என்று தட்டும். எனவே கொட்டிலில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் தெருவுக்கு வந்தன. அவற்றின் கிழட்டு இயந்திரங்களுக்கு இந்த எண்ணெய் ஒத்துப்போனது. பழையதை எறியலாமா என்று கேட்கிறவர் இந்த உலகத்தைப் பற்றி எழுதத் தொடங்கியிருப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

தனி வீடு வேண்டாம். மாதா மாதம் கட்டும் வாடகைக்காக மேலதிக வேலை செய்வீர், நாவல் அப்படியே கிடக்கும். அதைவிட முக்கியமானது, கேட்க வேண்டிய மனிதர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது பிள்ளை எழும்பிப் போகக் கூடாது என்பது என் எண்ணம். பழைய காலத்துப் பேச்சு என்று நீர் சொன்னால் சொல்லும். முதலில் போய் மன்னிப்புக் கேளும். நாவலுக்குத் தகவல் வேண்டும் என்று தொடங்க வேண்டாம், அது அவருக்கு உடனே விளங்கிவிடும். பெட்டியைத் திறந்துகாட்டச் சொல்லும். டயோடு எங்கே எடுத்தது, யார் சொல்லிக்கொடுத்தது, முதலில் எரிந்துபோனது எத்தனை, பெடல் சுற்றியது யார், அவர் இப்போது எங்கே என்று கேளும். கடைசிக் கேள்விக்கு அவர் பேசாமல் இருந்தால் துருவ வேண்டாம்.

பெற்றோருடன் வசிப்பதாக எழுதியிருக்கிறீர், ஆனால் அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்த காலம் அது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை இரவுக்கு வரவேண்டும், அடுப்புக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவு, வானொலி கேட்கும்போது விளக்கை அணைக்க வேண்டுமா என்பதையெல்லாம் அவரிடம்தான் கேட்க வேண்டும். அப்பாமாருக்கு அந்தக் கணக்குத் தெரியாது.