வாங்க முன் கேளுங்கள்: பழைய காருக்கு மலிவு சொக் அப்சோபர்

கேள்வி: 2003ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா, 121 மொடல். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடுவது, வேலை, சந்தை எல்லாம் இதில்தான். முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது. சொக் மாற்றச் சொல்கிறார்கள், ஜெனுயின் (ரொயோட்டாவின் சொந்தச் சாமான்) வாங்க வசதி இல்லை. கேவைபி (KYB) என்ற ஜப்பான் கம்பனிச் சாமான், பெயர் தெரியாத சீனச் சாமான், ஜப்பானில் கழற்றிய பழையது என்று மூன்று விலை சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? (கொக்குவில்)

பதில்: முதலில் சொக்தான், அதாவது குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்தான், பழுதா என்று பாருங்கள். ஒழுங்கையில் சின்னக் கல் ஏறினாலே டக் என்றால் அது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சரியாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு), இல்லாவிட்டால் லோவர் ஆர்ம் புஷ் (சில்லைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர்). இரண்டும் சொக் விலைக்குக் கிட்டவும் வராதவை. காரின் முன்மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் நல்லது. ஊஞ்சல் ஆடினால் முடிந்தது கதை. சொக்கின் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் வடிந்து புழுதி அப்பிப் பிடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதென்றால் கேவைபி எடுங்கள். ஜப்பான் கார்க் கம்பனிகளுக்கே சொக் செய்து கொடுப்பவர்கள் அவர்கள். சீனச் சாமானில் நல்லதும் உண்டு, ஆனால் பெயரும் எழுத்தில் வொறண்டியும் இல்லாததை உங்கள் பிள்ளைகள் ஏறும் காருக்குப் பூட்டச் சொல்ல மாட்டேன். கழற்றிய பழையதன் உள்ளே எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் சீலுக்கும் கிட்டத்தட்ட உங்கள் காரின் வயதுதான். நானும் ஒரு சோடி வாங்கியிருக்கிறேன். அதற்கு அடித்த கறுப்புப் பெயின்ற் மட்டும் இன்றும் புதிதாக இருக்கிறது.

காசு முட்டினால் இப்போது முன் சோடியை மட்டும் மாற்றுங்கள், பின் சோடி பிறகு பார்க்கலாம். சொக்கின் மேலே வரும் மவுண்டிங் (சொக்கைக் காரோடு பூட்டும் தலை), பெயரிங், பம்ப் ஸ்டொப் (அடிபடாமல் தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர் (சொக்கின் தண்டை மூடும் உறை) ஆகியவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்த மவுண்டிங்கை மாற்ற முழுச் சொக்கையும் இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும். இன்று பழையதையே பூட்டினால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள்.

கேள்வி: இடது சொக் மட்டும்தான் ஒழுகுகிறது. ஒன்றை மாற்றினால் போதாதா? (சாவகச்சேரி)

பதில்: போதாது. சோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: ஜப்பான் பெயர் போட்ட பெட்டியில் ஒரு சோடி வாங்கினேன். இரண்டு மாதத்தில் இரண்டும் ஒழுகிவிட்டன. கடைக்காரர் ‘பில் இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது’ என்கிறார். வாங்கும்போது ‘பில் போட்டால் விலை கூட வரும்’ என்று சொன்னவரும் அவர்தான். (சுன்னாகம்)

பதில்: உங்களில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலையைக் காட்டிப் பில்லை விடச் செய்துவிட்டு, பிறகு பில் எங்கே என்று கேட்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை. இந்தப் பில் கதையை இங்கே எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறாது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். அது கடைக்காரர் செய்யும் தயவு இல்லை. அந்தச் சீட்டில் ‘மோட்டர் சாமான் – 2’ என்று கிறுக்கித் தந்தாலும் பயனில்லை. கம்பனிப் பெயர், பாக எண், இடமா வலமா, வொறண்டி எத்தனை மாதம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். எழுதும்வரை காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பெட்டியையும் நம்பாதீர்கள், பெட்டி அச்சடிக்க யாராலும் முடியும். சொக்கை வெளியே எடுத்து, உடம்பில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நிமிர்த்தி வைத்துத் தண்டை உள்ளே அழுத்தி விடுங்கள். காஸ் அடைத்த சொக் என்றால் தண்டு தானாக மெல்ல மேலே வரும். காஸ் என்று விற்றது அப்படியே கிடந்தால் காசை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும், தொலைபேசி 1977. பெட்டி, காசு அனுப்பிய விபரம், வட்ஸ்அப்பில் பேசியது, ஒழுகும் சொக்கின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இன்றே எழுதுங்கள்.

கேள்வி: பழைய சொக்கில் துளை போட்டு, எண்ணெய் விட்டு, ஒட்டித் தருகிறார்கள். புதிது மாதிரி இருக்கும் என்கிறார்கள். (பருத்தித்துறை)

பதில்: ‘மாதிரி’ இருக்கும்.

கேள்வி: காரைநகரில் இருந்து தினமும் பொன்னாலைப் பாலத்தால் யாழ்ப்பாணம் வருகிறேன். எங்கள் பக்கக் கார்களுக்குச் சொக் கெதியில் போகிறதே, ஏன்? (காரைநகர்)

பதில்: உப்புக் காற்றுத்தான். டஸ்ட் கவர் கிழிந்தால் உப்பும் மணலும் தண்டில் படும். தண்டின் மினுக்குப் பூச்சில் துரு பிடித்தால், தண்டு ஏறி இறங்க அது ரப்பர் சீலை அராவும், பிறகு எண்ணெய் வரும். கிழிந்த கவரோடு ஓடாதீர்கள். இன்னொன்று, பூட்டுகிறவர் தண்டைக் குறட்டால் பிடித்தால் உடனே நிறுத்துங்கள். அந்தக் கீறலும் அதே ரப்பர் சீலைத்தான் தின்னும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான் 2004 கொரோலாவுக்கென்று இணையத்தில் வாங்கி அனுப்பிய சொக் என் 121க்குப் பொருந்தவில்லை. எப்படியாவது பூட்டலாமா? (மானிப்பாய்)

பதில்: பூட்ட வேண்டாம். கனடாவில் அந்த வருடம் விற்ற கொரோலாவும் ஜப்பானில் இருந்து இங்கே வந்த 121உம் ஒரே உடம்பு இல்லை. சசி இலக்கத்தை (காரின் உடம்பில் அடித்திருக்கும் இலக்கம்) வட்ஸ்அப்பில் அனுப்ப உங்களுக்கு ஒரு நிமிடம் போதும், அதைக் கேட்க மச்சானுக்கு அரை நிமிடம் போதும். 121இலேயே பெற்றோலும் டீசலும் உண்டு. ரொயோட்டாவின் பாக எண்ணில் முன் வலது சொக் 48510 என்றும், முன் இடது 48520 என்றும் தொடங்கும். மீதி இலக்கங்களைச் சசி இலக்கம் கொடுத்துக் கடையில் எடுங்கள். மச்சானிடம் திருப்பி அனுப்பும் செலவைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கேள்வி: சொக் மாற்றியபின் அலைன்மென்ட் (சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று) பார்க்கத்தான் வேண்டுமா? (நல்லூர்)

பதில்: முன் சொக் என்றால் பார்க்கத்தான் வேண்டும். சில்லு கோணி ரயர் தேய்ந்தபின் புது ரயருக்கு அழுவதைவிட அது மலிவு.