அனல்மின் நிலையத்தை மூடப்போகிறார்கள், மகள் என்ன படிப்பது?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. கணவர் வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்தின் பழைய அலகுகளை (பாய்லரும் டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த தனித்தனி உற்பத்திப் பிரிவுகளை) படிப்படியாக மூடப்போகிறார்கள், அவர் வேலை என்ன ஆகும் என்பது ஒன்று. மகள் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியல் என்ற நான்காண்டுப் பட்டத்தில் சேர ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா என்பது இன்னொன்று. பழைய நிலையம் போய்ப் புதியது வரும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்குமே வழி தெரியும்.

மகள் மின்துறைக்கு வரட்டும், தயங்க வேண்டாம். ஆனால் பட்டத்தின் பெயரிலேயே சூரியனும் காற்றும் இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்த்து, கடைசி இரண்டு ஆண்டுகளில் பவர் சிஸ்டம்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ் பாடங்களில் அவள் ஆழமாக இறங்குவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு நிலக்கரி அலகு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டால் அதன் பாய்லர் குழாய்கள் களைத்துப் போகின்றன. எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதோடு, அந்த அலகுகள் இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. இப்போது பகலில் சூரிய மின்சாரம் பெருகுவதால் மதியம் லோடைக் குறைக்கச் சொல்கிறார்கள், மாலையில் வேகமாக ஏற்றச் சொல்கிறார்கள். தடித்த இரும்பு தினமும் சூடாகி, ஆறி, மறுபடி சூடானால் விரிசல் விடும். உங்கள் கணவரிடம் கேளுங்கள், கடந்த சில ஆண்டுகளில் குழாய் ஒழுகலால் அலகு டிரிப் ஆவது, அதாவது திடீரென்று நின்றுவிடுவது, கூடியிருக்கிறதா என்று. சுற்றுச்சூழல் காரணம் மிக முக்கியமானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் ஒரு பழைய அலகை மூடும் முடிவைப் பெரும்பாலும் பராமரிப்புச் செலவும் சேர்ந்துதான் எடுக்க வைக்கிறது.

சரி, மூடியாயிற்று. அந்த இடத்தில் எதை வைப்பது? 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஆண்டு சராசரியில் 70 சதவீதத் திறனில் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். சூரிய மின் நிலையத்துக்கு இரவு உண்டு, மேகம் உண்டு, ஆகவே சராசரி 20 சதவீதம். அதே அளவு யூனிட்டுகளை ஆண்டு முழுக்கத் தர 3,500 மெகாவாட் பேனல் வேண்டும். அவ்வளவு நிலம் பழைய நிலையத்தின் வளாகத்துக்குள் இருக்காது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நான்டிகோக் என்றொரு நிலக்கரி நிலையம் இருந்தது, கிட்டத்தட்ட 4,000 மெகாவாட். 2013இல் அங்கே நிலக்கரி எரிப்பது நின்றது. 2019 முதல் அதே இடத்தில் ஒரு சூரிய மின் நிலையம் இயங்குகிறது. அதன் அளவு 44 மெகாவாட். நூற்றில் ஒரு பங்குதான். அப்படியானால் ஒன்டாரியோ 2014இல் நிலக்கரியை முழுவதுமாக விட்டது எப்படி? அணுமின் உலைகளைப் புதுப்பித்தார்கள், எரிவாயு நிலையங்கள் கட்டினார்கள், காற்றாலைகள் சேர்ந்தன, தேவையைக் கட்டுப்படுத்தும் திட்டங்களும் வந்தன. ஓரிடத்தில் இருந்த ஒரு பெரிய நிலையத்தின் வேலையைப் பல இடங்களில் பல வகை நிலையங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றையெல்லாம் கம்பிகளால் இணைத்து நிற்பது மின்தொகுப்பு, அதாவது கிரிட். உங்கள் மகளின் வேலை அங்கேதான் காத்திருக்கிறது.

இன்னும் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. அனல்மின் நிலையம் மின்சாரத்தோடு வேறொன்றையும் சேர்த்துத் தருகிறது. 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் (மின்சாரம் நொடிக்கு 50 அலைகளாக வருவது) உள்ள தொகுப்பில் அந்தப் பெரிய டர்பைனும் ஜெனரேட்டரும் பொதுவாக நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. எங்கோ ஒரு நிலையம் திடீரென்று நின்றுவிட்டால், சுற்றிக்கொண்டிருக்கும் இந்த நூற்றுக்கணக்கான டன் எடை சில நொடிகளுக்கு அதிர்வெண் சட்டென்று விழாமல் தாங்கிப் பிடிக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் சிறிது தூரம் ஓடுகிறதே, அதே இயற்பியல்தான். பேனலுக்குள் சுற்றுவது எதுவும் இல்லை, அது தரும் நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர் வழியாகத் தொகுப்பில் சேர்கிறது. ஆகவே பழைய அலகுகள் ஒவ்வொன்றாகப் போகும்போது இந்தத் தாங்கும் சக்தியை வேறு வழியில் கொண்டுவர வேண்டும். மின்கலத் தொகுதிகள், தாமாகவே அதிர்வெண்ணை அமைக்கும் புதுவகை இன்வெர்ட்டர்கள், எரிபொருளே இல்லாமல் சும்மா சுற்றும் சிங்க்ரனஸ் கண்டென்சர்கள் என்று பல வழிகள் உண்டு. ஜெர்மனியில் பிப்லிஸ் அணுமின் நிலையத்தை நிறுத்திய பிறகு அதன் ஜெனரேட்டர் ஒன்றை 2012இல் இப்படித்தான் மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

இதில் தவறு நடந்தால் என்ன ஆகும்? 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது. புயலில் உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன, சில நொடிகளுக்குள் மின்னழுத்தம் அடுத்தடுத்துப் பலமுறை சரிந்தது. காற்றாலைகள் புயலில் உடைந்துவிடவில்லை. அடுத்தடுத்து இத்தனை சரிவுகளுக்கு மேல் தாங்காதே என்று பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பு எட்டியதும் அவை உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் இணைப்பு சுமை தாங்காமல் டிரிப் ஆனது, மாநிலமே இருளில் மூழ்கியது. அப்படியொரு அமைப்பு இருப்பது தொகுப்பை இயக்கியவர்களுக்கே அதுவரை தெரிந்திருக்கவில்லை. பிறகு அந்த அமைப்புகளை மாற்றினார்கள். அடுத்த ஆண்டே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதி வந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. அங்கே சிக்கல் மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியது. இரண்டு நிகழ்வுகளையும் காட்டி, பார்த்தீர்களா, காற்றையும் சூரியனையும் நம்ப முடியாது என்று சிலர் பேசுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ரிலேவின் (பழுதை உணர்ந்து மின்பாதையைத் துண்டிக்கச் செய்யும் கருவியின்) அமைப்பு, இன்வெர்ட்டரின் கட்டுப்பாடு, மின்னழுத்த மேலாண்மை ஆகியவற்றை ஆழமாகத் தெரிந்த பொறியாளர்கள் போதிய எண்ணிக்கையில் தேவை என்றுதான் அவை சொல்கின்றன.

இப்போது அந்தப் பட்டத்துக்கு வருவோம். பல கல்லூரிகளில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பட்டத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பேனல் வகைகள், காற்றாலை இறக்கைகள், உயிர்வாயு, கொள்கை, பொருளாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம். ஆனால் மின்சுற்று, மின் இயந்திரங்கள், கட்டுப்பாட்டியல், மின்தொகுப்புப் பாதுகாப்பு ஆகியவை மெலிந்துபோயிருக்கும். வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது இந்த அடிப்படைகளைத்தான். பேனல் தொழில்நுட்பம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது, பழுதின்போது பாயும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் முறை அப்படி மாறுவதில்லை. ஆசையைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை அம்மா. முதுகலையில் அவள் தாராளமாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைச் சிறப்புப் பாடமாக எடுக்கட்டும். அப்போது அடித்தளம் கையில் இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் கோடிக்கணக்கில் வேலை என்று விளம்பரங்கள் வரும். பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்குப்படி 2023இல் உலகம் முழுவதும் 1 கோடியே 62 லட்சம் வேலைகள் இதில் இருந்தன. உண்மைதான். ஆனால் அதில் பாதியை நெருங்கும் பங்கு சீனாவில் இருந்தது. பேனல் தயாரிப்பும் நிறுவும் பணியும் சேர்ந்த கணக்கு அது. ஒரு சூரிய மின் நிலையம் கட்டும்போது ஏராளமானோர் தேவை, கட்டி முடிந்ததும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே போதும். அனல்மின் நிலையத்தைப் போல ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக ஆயிரம் பேர் வேலை பார்க்கும் அமைப்பு அங்கே கிடையாது. நிறுவும் வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், ஊர் ஊராக நகர்பவை. நிலையாக இருப்பவை வடிவமைப்பு, தொகுப்பு இணைப்பு ஆய்வு, ரிலே பரிசோதனை, கட்டுப்பாட்டு அறை, மின்கல மேலாண்மை, உற்பத்தி முன்கணிப்பு போன்றவை. மகளை அந்தப் பக்கம் திருப்பத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பெண் பிள்ளை மலையும் காடுமாக அலைய வேண்டியிருக்குமே என்றும் எழுதியிருந்தீர்கள். சில ஆண்டுகள் களத்தில் நிற்க வேண்டியிருக்கும், அது அவளுக்கு நல்லதுதான். துணைமின் நிலையத்தைக் கண்ணால் பார்க்காமல் தொகுப்பைப் புரிந்துகொள்ள முடியாது. அதே முகமை 2019இல் வெளியிட்ட ஆய்வில், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் பெண்கள் 32 சதவீதம், எண்ணெய் எரிவாயுத் துறையில் 22 சதவீதம். போதாது என்றாலும், கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. பாதுகாப்பைப் பற்றி அந்தந்த நிறுவனத்தில் நேரடியாகக் கேளுங்கள். தங்குமிடம், போக்குவரத்து, இரவு ஷிப்ட் விதி எல்லாவற்றையும் பணிக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கணவரைப் பற்றி. ஐம்பதைத் தாண்டியவர், பாய்லர் பராமரிப்பில் இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர் என்கிறீர்கள். நிலையத்தை எவ்வளவு முன்கூட்டி அறிவித்து மூடுகிறார்கள் என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஹேசல்வுட் நிலையத்தை 2016 நவம்பரில் அறிவித்து 2017 மார்ச்சில் மூடினார்கள். ஐந்து மாத அவகாசத்தில் குடும்பங்கள் திணறின. அதன் பிறகுதான் குறைந்தது மூன்றாண்டு முன்னறிவிப்பு வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. அதே நாட்டின் லிடெல் நிலையத்துக்கு 2015இலேயே முடிவு அறிவிக்கப்பட்டு, 2023இல்தான் மூடப்பட்டது. பக்கத்து நிலையத்துக்கு மாறவும் வேறு வேலை கற்கவும் ஆட்களுக்கு நேரம் கிடைத்தது. ஜெர்மனி 2020இல் நிலக்கரி விலகல் சட்டம் போட்டபோது, வேலை இழக்கும் 58 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கும்வரை ஐந்தாண்டுகள்வரை இடைக்கால உதவித்தொகைக்கு வழி செய்தது. ஆகவே முதல் வேலையாக, அவருடைய அலகு எந்த ஆண்டு மூடப்படுகிறது, இடமாற்றமா, விருப்ப ஓய்வா, பயிற்சியா என்பதைத் தொழிற்சங்கம் மூலமாக எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதியை வைத்துக் கடன் எதுவும் வாங்க வேண்டாம்.

பாய்லர் வேலை நாளையே மறைந்துவிடாது. மூடிய நிலையத்தைப் பாதுகாப்பாகப் பிரித்தெடுக்கவே சில ஆண்டுகள் ஆகும். அழுத்தக் குழாய், கல்நார், சாம்பல் குளம் இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் அதற்குத் தேவை. ஒன்டாரியோவின் அடிகோகன் நிலையத்தை இடிக்காமல் 2014இல் மரத்துகள் எரிக்கும் நிலையமாக மாற்றினார்கள். நீராவியை நம்பி ஓடும் ஆலைகள் வேறு தொழில்களிலும் நிறைய உண்டு. வெல்டிங் ஆய்வு, அழுத்தக் கலன் பரிசோதனை போன்றவற்றில் அவருக்கு அனுபவம் இருந்தால், நிலையம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே முறையான சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். மூடிய பிறகு அனுபவத்தை நிரூபிக்க மேலதிகாரியின் கையெழுத்துக்கு அலைவது மிகவும் கஷ்டம்.

அப்புறம், சேர்க்கைக்கு முன் கல்லூரிகளில் கேட்க வேண்டியவை. ரிலே பரிசோதனைக் கருவியும் இன்வெர்ட்டரும் உள்ள ஆய்வகம் இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தொட்டு வேலை செய்கிறார்களா? மேட்லேப், ஈடேப், பவர்ஃபேக்டரி போன்ற மென்பொருள்களில் ஒன்றையாவது பருவம் முழுக்கப் பயிற்றுவிக்கிறார்களா? துணைமின் நிலையத்திலோ மின்தொகுப்பு நிறுவனத்திலோ பயிற்சிக் காலம் கிடைக்குமா? கட்டடத்தின் கூரையில் பேனல் இருப்பதைக் காட்டி இதுதான் எங்கள் ஆய்வகம் என்றால் நம்ப வேண்டாம். மகள் இந்த விடுமுறையிலேயே பைத்தான் கொஞ்சம் கற்று, இலவசமாகக் கிடைக்கும் பாண்டாபவர் என்ற பைத்தான் மென்பொருளில் ஒரு சிறு மின்தொகுப்பை அமைத்துப் பார்க்கட்டும். ஒரு ஜெனரேட்டரை நீக்கி, அந்த இடத்தில் சூரிய மின் நிலையத்தை வைத்தால் எந்தெந்த இடத்தில் மின்னழுத்தம் மாறுகிறது என்று கவனிக்கட்டும். அதில் அவளுக்கு ஆர்வம் பிறந்தால் இந்தப் படிப்பு அவளுக்கு ஏற்றது. சலிப்பாக இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள், வேறு வழிகளைப் பேசலாம்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கல்லூரிகளின் நான்காண்டுப் பாடத்திட்டத்தையும் கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு முன்பே எனக்கு அனுப்பி வையுங்கள். எந்தப் பருவத்தில் எது குறைகிறது, அதை வெளியே எங்கே கற்கலாம் என்று பாடம் பாடமாகக் குறித்துத் தருகிறேன்.