ஓடிய படத்தை ஏன் மீண்டும் எடுத்தார்கள்?

அன்புள்ள ஐயா,

'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941) என்ற ஹாலிவுட் துப்பறியும் படம் பார்த்தேன். அதை எடுத்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவே அதே கதையை அதற்கு முன்பே இருமுறை எடுத்துவிட்டது என்று அறிந்து வியந்தேன். எம்.ஜி.எம். நிறுவனமும் நன்றாக ஓடிய தன் படங்களையே திரும்ப எடுத்திருக்கிறது. ஏன்? கதைப் பஞ்சமா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கதைக்குப் பஞ்சமே இல்லை. பழைய படத்தைப் பார்க்கத்தான் வழி இல்லை. 1930களில் ஊர் ஊராக ஓடி முடிந்த படம் பெட்டிக்குள் போய்விடும். சில மட்டும் மறுவெளியீடு கண்டன. கதையின் உரிமையோ ஸ்டுடியோவிடமே இருந்தது. எழுத்தாளர்களும் நடிகர்களும் சம்பளத்தில் இருந்தார்கள். திரையரங்குகள் ஓயாமல் புதுப்படம் கேட்டன. காசு கொடுத்து வாங்கிய கதையை, அதுவும் மக்களுக்குப் பிடித்தது என்று தெரிந்த கதையை, எந்த முதலாளி சும்மா வைத்திருப்பார்?

நீங்கள் பார்த்த படத்தின் விஷயத்தில் தணிக்கையும் சேர்ந்துகொண்டது. டாஷியல் ஹாமெட்டின் நாவலை வார்னர் 1931இல் முதலில் எடுத்தது. 1934இல், ஹாலிவுட் படங்களைத் தணிக்கை செய்த ஜோசப் ப்ரீனின் அலுவலகம் விதிகளை இறுக்கியது. 1931 படத்தில், காணாமல்போன ஆயிரம் டாலர் நோட்டுக்காகத் துப்பறிபவன் நாயகியின் ஆடையைக் களையவைத்துச் சோதிக்கிறான். அந்தப் படத்தை மறுபடி வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. 1936இல் நடிகை பெட் டேவிஸை வைத்துக் கதையை வேடிக்கையாக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பிறகுதான் ஜான் ஹஸ்டன் தம் முதல் படமாக 1941இல் எடுத்தார். அதில் நாயகன் அந்தப் பெண்ணைச் சோதிப்பதே இல்லை. 'நோட்டை மறைத்தவர் நீங்கள்தான்' என்று வில்லன் கட்மேனிடம் நேராகச் சொல்லிவிடுகிறான். ஆளை எடைபோடும் அவன் கூர்மை இதில்தான் தெரிகிறது. எனக்கு இதுவே மேலான காட்சி.

அந்த நாயகன் வேடத்துக்கு முதலில் கேட்கப்பட்டவர் ஜார்ஜ் ராஃப்ட். அவர் மறுத்ததால்தான் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு வந்தது. மறுஆக்கங்களில் நடிக்கத் தேவையில்லை என்று ராஃப்டின் ஒப்பந்தத்தில் ஷரத்தே இருந்தது. அந்த அளவுக்கு இது அன்றாட வழக்கம்.

எம்.ஜி.எம். கதை வேறு. 'ரெட் டஸ்ட்' (1932) ஸ்டுடியோ அரங்கில் உருவான இந்தோசீன ரப்பர் தோட்டக் கதை. 1953இல் அதுவே 'மொகாம்போ' ஆனது. நாயகன் அதே க்ளார்க் கேபிள், திரைக்கதை அதே ஜான் லீ மாஹின். ஆனால் வண்ணத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போய் எடுத்தார்கள். அப்போது வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்துகொண்டிருந்தது. அந்தச் சின்னக் கறுப்புவெள்ளைத் திரையில் கிடைக்காததைக் காட்டினால்தான் கூட்டம் வரும்.

மறுஆக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். புதியதற்காகப் பழையதைப் பூட்டிவைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. நல்ல மருத்துவர் ஜெக்கில் மருந்து குடித்துக் கொடியவன் ஹைடாக மாறும் கதையைப் பாரமவுண்ட் நிறுவனம் 1931இல் எடுத்தது; அதில் நடித்ததற்கு ஃப்ரெட்ரிக் மார்ச் ஆஸ்கர் பெற்றார். 1941இல் ஸ்பென்சர் ட்ரேசியை வைத்து அதே கதையை எடுப்பதற்காக எம்.ஜி.எம். அந்தப் படத்தின் உரிமையை வாங்கி, அதைத் திரையிலிருந்தே விலக்கிவிட்டது. பல ஆண்டுகள் யாரும் எளிதில் பார்க்க முடியவில்லை. இன்று இரண்டும் கிடைக்கின்றன. 1931 படத்தை முதலில் பாருங்கள். வண்ண ஒப்பனையையும் வண்ண வடிகட்டிகளையும் கொண்டு, வெட்டே இல்லாமல், மார்ச்சின் முகத்தை நம் கண்ணெதிரே கறுக்க வைத்திருக்கிறார்கள்.