தகடூர் குயில் 29

கேள்வி: அம்மா, வணக்கம். பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் செய்கிறேன். மகள் கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு என் தாயாரின் பெயரைத்தான் வைத்தோம். ஆனால் இன்ஸ்டாகிராமில் ‘தகடூர் குயில் 29’ என்று ஐடி வைத்திருக்கிறாள். உறவுக்காரப் பையன் ஒருவன் செல்லில் காட்டினான். முகம் காட்டாமல் பாட்டுப் பாடிப் போட்டிருக்கிறாள். நாங்கள் வைத்த பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. எங்களைச் சொல்லிக்கொள்ள வெட்கமா? அந்த 29 யாருடைய பிறந்த நாளோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. செல்லைப் பிடுங்கி வைக்கலாம் என்கிறாள் என் மனைவி.
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை, தருமபுரி மாவட்டம்

பதில்: ஐயா, முதலில் வாசலில் நிற்கும் உங்கள் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். உள்ளூரில் பதிவான வண்டி என்றால் டிஎன் 29 என்று இருக்கும். தருமபுரிக்கு 29, கிருஷ்ணகிரிக்கு 24. ஐடியில் ஊர் வண்டி நம்பரைச் சேர்த்துக்கொள்வது இளைஞர்களிடம் சகஜம். உங்கள் மகளும் பெரும்பாலும் அதைத்தான் செய்திருப்பாள். இரண்டு ஊரும் 2004 வரை ஒரே மாவட்டம்தான். ஆனாலும் 24 ஓடுகிற ஊரில் விடுதியில் இருக்கிற பிள்ளைக்கு, தான் 29 என்று சொல்லிக்கொள்ளத் தோன்றியிருக்கிறது.

ஊர்ப் பெயர் இல்லை என்கிறீர்கள். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தானே, அவனேதான். இத்தனை பழைய பெயரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்ட பெண்ணுக்கு ஊர்மேல் வெட்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

சரி, சொந்தப் பெயர் ஏன் இல்லை? ஒரு ஐடியை ஒருவர்தான் வைத்துக்கொள்ள முடியும். அதுவும் ஆங்கில எழுத்தில்தான். பாட்டி பெயரை அவள் அடித்துப் பார்த்திருக்கலாம். ஏற்கெனவே வேறு யாரோ எடுத்திருப்பார்கள். ஆனால் நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்றை. பெயர், கல்லூரி, முகம் மூன்றையும் ஒரு பெண் பொதுவில் போட்டால், முன்பின் தெரியாதவன் விடுதி வாசல்வரை வந்துவிட முடியும். உங்கள் மகள் குரலை மட்டும் வெளியே விட்டு மற்றதை உள்ளே வைத்திருக்கிறாள். இந்தச் சூதானம் நீங்கள் வளர்த்த வளர்ப்பில் வந்ததுதான்.

தன் ஆக்கத்தாலேயே பெயர் பெறுவது தமிழுக்குப் புதிதும் இல்லை. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டில் வரும் ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற தொடரைக் கொண்டு செம்புலப்பெயல்நீரார் என்றே அவரை அழைக்கிறோம். பாடுகிற பெண் குயில் என்று வைத்துக்கொண்டதும் அந்த வழிதான்.

அடுத்த முறை அவள் ஊருக்கு வரும்போது, “ஏன் எங்க பேரை வைக்கல?” என்று ஆரம்பிக்காதீர்கள். “தகடூர் குயிலாமே, ஒரு பாட்டுப் பாடேன்” என்று கேளுங்கள். 29 பற்றி அப்புறம் அவளே சொல்வாள். நான் நினைத்ததற்கு வேறாக அவள் ஏதாவது சொன்னாலும், குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, செல் நம்பர் எதையும் அந்தப் பக்கத்தில் போடவில்லையே, தெரியாதவர்கள் யாராவது மெசேஜ் அனுப்பித் தொந்தரவு செய்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். அப்பா கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

செல்லைப் பிடுங்க வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பிடுங்கினால் அவள் பாடுவதை நிறுத்த மாட்டாள். உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவாள்.

அந்த உறவுக்காரப் பையன் மறுபடி வந்தால், “அது எங்க பொண்ணு ஐடிதான், எங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.