வெள்ளி, சனி இரவுகளை நம்பி ஒரு வேலைநாளை விடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 41. மனைவி, இரண்டு பிள்ளைகள். தெற்கு லண்டனில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை, ஆண்டுச் சம்பளம் 34,000 பவுண்ட். வார இறுதி இரவுகளில் பப்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நாங்கள் நான்கு பேர் கொண்ட கவர் பேண்ட், அதாவது பிறருடைய பிரபல பாடல்களை வாசிக்கும் குழு. வேறு பேண்ட்களில் ஆள் வராத நாட்களில் டெப் ஆகவும் போவேன். முந்தைய வருடம் 11 கிக் (மேடை நிகழ்ச்சி), மொத்தம் 820 பவுண்ட்தான் வந்தது. ஏப்ரல் 5-ஆம் தேதியோடு முடிந்த வரியாண்டில் 58 கிக், ஒன்றுக்குச் சராசரி 75 பவுண்ட். பாதி கைக்காசு. டைரியில் வரவு செலவு எல்லாம் இருக்கிறது, நகல் அனுப்பியுள்ளேன். வரி அலுவலகத்துக்கு இதுவரை எதுவும் சொல்லவில்லை. வேலையை வாரம் நான்கு நாளாகக் குறைத்து இசையை வளர்க்க ஆசை. 1,800 பவுண்டில் ஒரு பேஸும் பார்த்து வைத்திருக்கிறேன். வரியில் கழித்துவிடலாம், தவணையில் எடு என்கிறார்கள் நண்பர்கள். “இது பொழுதுபோக்கா, தொழிலா? ஒன்றைச் சொல்லுங்கள்” என்கிறார் மனைவி. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் உங்கள் பயத்தை எடுத்துவிடுகிறேன். வரி விஷயத்தில் நீங்கள் இன்னும் தப்பு எதுவும் செய்யவில்லை. 2017 ஏப்ரலில் இருந்து, சொந்தமாகச் செய்யும் சிறு தொழிலில் வரியாண்டுக்கு 1,000 பவுண்ட் வரை வரவு இருந்தால் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. முந்தைய வருடத்து 820 அதற்குள் அடங்கிவிட்டது. போன வருடத்து 4,350 அடங்காது. அதற்கு வருகிற அக்டோபர் 5-ஆம் தேதிக்குள் வரி அலுவலகமான எச்.எம்.ஆர்.சி.யில் செல்ஃப் அசெஸ்மென்ட்டுக்கு (வருமானக் கணக்கை நாமே காட்டும் முறைக்கு) பதிவு செய்ய வேண்டும், ஜனவரி 31-க்குள் இணையத்தில் கணக்கைத் தாக்கல் செய்து வரியைக் கட்ட வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால், கட்ட வேண்டிய வரி எவ்வளவு குறைவாக இருந்தாலும் 100 பவுண்ட் அபராதம். கைக்காசும் வரவுதான். பப் உரிமையாளர் உறையில் வைத்துக் கொடுத்தாலும், பேண்ட் தலைவர் வங்கியில் போட்டாலும் கணக்கில் ஒன்றே. (இதைப் படிக்கும் வேறு யாராவது இரண்டு மூன்று வருடமாகச் சொல்லாமல் இருந்தால், வரி அலுவலகத்தின் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். தானாக முன்வந்தவருக்கு அபராதம் கணிசமாகக் குறையும்.)

இனி உங்கள் டைரி. அதை இரண்டு முறை படித்தேன். மழையில் பத்தங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட கேபினட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) படியேற்றிய இரவைக்கூட எழுதி வைத்திருக்கிறீர்கள். வரவு 4,350. செலவில் பெரியது பயணம். போக வர சராசரி 34 மைல், ஆக 58 கிக்குக்கு 1,972 மைல். காருக்கு மைலுக்கு 45 பென்ஸ் என்ற நிலையான வீதத்தில் கழித்தால் 887 பவுண்ட். பார்க்கிங் கட்டணத்தை அதற்கு மேல் தனியாகக் கழிக்கலாம். ட்ரம்மரின் காரில் ஏறிப் போகும் நாள் வந்தால் அதற்கு மட்டும் நீங்கள் மைல் எழுதக் கூடாது, அது அவருடைய கணக்கு. ஒத்திகை அறையில் உங்கள் பங்கு 300, இசைக்கலைஞர் சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியன் சந்தாவும் கருவிக் காப்பீடும் சேர்ந்து 348, தந்திகள் 75, ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) பழுது 140. மொத்தச் செலவு 1,750, லாபம் 2,600.

செலவைக் காட்டாமல் அந்த 1,000 பவுண்ட் விலக்கை மட்டும் எடுத்தால் லாபம் 3,350 ஆகிவிடும். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு உண்மைச் செலவைக் காட்டுவதே நல்லது; டைரி எழுதிய கைக்கு 150 பவுண்ட் கிடைத்தது என்று வையுங்கள். சம்பளம் ஏற்கெனவே வரியில்லா வரம்பைத் தாண்டிவிட்டதால் 2,600-க்கும் 20 சதவீதம், அதாவது 520 பவுண்ட் வரி. இந்த அளவு லாபத்துக்குத் தேசியக் காப்பீடு கட்ட வேண்டியதில்லை. டிசம்பர் 30-க்குள் தாக்கல் செய்துவிட்டால் இதை அடுத்த வருடச் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். பப்கள் காற்று வாங்கும் ஜனவரியில் மொத்தமாகக் கட்டுவதைவிட அது நல்லது. இனி ஒவ்வொரு கிக் முடிந்ததும் 10 பவுண்டைத் தனியே போடுங்கள். வரி அதிலேயே தீரும்.

சாப்பாடு, சட்டை இரண்டையும் செலவில் எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். வெளியே போட்டுக்கொண்டு போகக்கூடிய துணி எதுவும் கழியாது. ஒரு பெண் பாரிஸ்டர் நீதிமன்றத்துக்கென்றே வாங்கிய கறுப்பு உடைகளைக்கூட 1983-இல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. மேடைக்கு மட்டுமே உதவும் வேஷ உடை என்றால் வேறு கதை.

சரி, மிச்சம் என்ன? 4,350-இல் செலவும் வரியும் போனால் 2,080. ஒரு கிக்குக்கு 36 பவுண்ட். மாலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்று டைரி சொல்கிறது. மேடையில் இருப்பது இரண்டு மணி நேரம், மீதி ஐந்து மணி நேரம் சுமப்பது, காத்திருப்பது, ஓட்டுவது. ஏழு மணி நேரம் வீதம் வருடத்துக்கு 406 மணி. மணிக்கு ஐந்து பவுண்ட் சொச்சம். 2025 ஏப்ரலில் வைத்த தேசியக் குறைந்தபட்ச ஊதியமே 21 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 12.21. உங்கள் மனம் சுருங்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. இரவு பதினொன்றுக்குக் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும்போது அடியில் நின்று தாங்குவது உங்கள் பேஸ். அதற்கு என்ன விலை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் வேலைநாளை விடுவது பற்றிக் கேட்டீர்கள், அதற்கு இந்த எண் வேண்டும்.

நான்கு நாள் என்றால் சம்பளம் 27,200. மொத்தத்தில் 6,800 குறையும். வரி 20, தேசியக் காப்பீடு 8 சதவீதம் போக, கைக்கு வருவதில் 4,896 குறையும். மாதம் 408 பவுண்ட். ஓய்வூதியத்தில் முதலாளி போடும் பங்கும் சேர்ந்து இறங்கும். இதைக் கிக்கில் ஈடுகட்டப் பாருங்கள். சந்தா, காப்பீடு போன்றவை ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால், புதிதாக வரும் கிக்கில் பயணமும் வரியும் மட்டும் போகும், 48 பவுண்ட் நிற்கும். அப்படியும் கூடுதலாக 102 கிக் வேண்டும். இருக்கும் 58-ஐச் சேர்த்தால் 160.

ஒரு வருடத்தில் வெள்ளியும் சனியும் சேர்த்து மொத்தமே 104 இரவுகள்தான், தம்பி.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. நீங்கள் விட நினைப்பது திங்கள் பகல். பப் வாங்குவது வெள்ளி இரவு. பகலை எவ்வளவு காலியாக வைத்தாலும் பப் அதை வாங்காது. ஆகவே இன்றைய நிலையில் நாளைக் குறைக்காதீர்கள். பகலையோ வார நாள் மாலையையோ வாங்கக்கூடிய இசை வேலை வேறு இருக்கிறது, முதலில் அங்கே போய்ப் பாருங்கள். பேஸ் கற்க விரும்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் குறைவு. நோட்டு பார்த்து வாசிக்கப் பழகினால் உள்ளூர் நாடகக் குழுக்களின் இசைக்குழுவில் இடம் கிடைக்கலாம். நம்மவர் கல்யாணங்களிலும் இன்னிசை நிகழ்ச்சிகளிலும் பேஸுக்கு ஆள் தேடி அலைவதை நானே பார்த்திருக்கிறேன். அது வார இறுதிதான், ஆனால் பப்பைவிடக் கூலி கூட, மதியமே தொடங்குவதும் உண்டு. இப்படி வெள்ளி, சனி இரவு தவிர்ந்த வேலையில் மட்டும், வரி போக மாதம் 408 பவுண்ட் ஆறு மாதம் வரட்டும். அந்த ஆறு மாதத்துக்குள் ஜனவரியும் பிப்ரவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். டிசம்பரை மட்டும் பார்த்து யாரும் வேலையை விடக் கூடாது. அந்த எண் வந்தால் எனக்கு எழுதுங்கள், நானே குறைக்கச் சொல்வேன்.

இதற்கிடையில் சம்பளம் குறையாத ஒரு வழி இருக்கிறது. உங்கள் டைரியில் ஒன்பது இடத்தில் “வேலை முடிந்து ஓடினேன், சவுண்ட் செக் இல்லை” என்று இருக்கிறது. 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்க ஊழியருக்கு உரிமை உண்டு. பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை முக்கால் மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டு வெள்ளி மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்பக் கேளுங்கள். மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்கலாம், கேட்பதற்குச் செலவில்லை. கேட்கும்முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்து, வெளிவேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்று ஏதாவது வாசகம் இருக்கிறதா பாருங்கள்.

அந்த 1,800 பவுண்ட் பேஸ். வரியில் கழியும், உண்மைதான். ஆனால் கழிவது என்றால் திரும்பி வருவது என்று அர்த்தமில்லை. உங்கள் வீதத்தில் 360 பவுண்ட் வரி மிச்சம், மீதி 1,440 உங்கள் பையில் இருந்துதான் போகும். வீட்டில் உங்கள் ஆசைக்கு வாசிக்கும் பங்கைக் கழித்தால் அந்த 360-உம் குறையும். கிக்குக்கு 36 பவுண்ட் என்று பார்த்தால், 40 இரவுகள் அந்தப் பேஸுக்காகவே வாசிக்க வேண்டும். தவணை வட்டி அதற்கு மேல். இப்போது வைத்திருக்கும் பேஸில் என்ன குறை என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆம்ப் பழுதுக்கு 140 போயிருக்கிறது, முதுகு வலி என்று நாலைந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு கையில் தூக்கக்கூடிய கிளாஸ்-டி ஆம்பும் சிறிய கேபினட்டும் வாங்குங்கள், அதுவும் பழையதாக, ரொக்கத்துக்கு. அதற்கும் முன்னால், காதுக்கு அளவெடுத்துச் செய்யும் காதடைப்பான். பேஸ் வாசிப்பவர் ட்ரம்மரின் தாளத்தட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பவர். தினச் சராசரி 85 டெசிபலை எட்டினால் ஊழியருக்குக் காதுக்காப்பு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2008 ஏப்ரலில் இருந்து இசைத் துறைக்கும் அது பொருந்தும். ஆனால் பப்பில் உங்களுக்கு முதலாளி நீங்களேதான். அந்தச் செலவும் வரியில் கழியும்.

காப்பீட்டில் ஒரு ஓட்டை. கருவிக்கு எடுத்திருக்கிறீர்கள், நல்லது. கார்? கூலிக்கு வாசிக்கக் கருவியோடு போகும் பயணம், வெறும் வீட்டு உபயோகம் அல்லது வேலைக்குப் போய்வரும் பயணம் என்ற வகைக்குள் பெரும்பாலும் அடங்காது. நிறுவனத்தைக் கூப்பிட்டு, வணிகப் பயன்பாட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வரும் கிட்டார்காரர் ஒருவருக்கு வீட்டில் திருட்டு. அவர் கூலிக்கு வாசிப்பவர் என்று தெரிந்ததும் வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் கருவிகளுக்குப் பணம் தர மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, அவர் படிக்கவில்லை. உங்கள் கருவிக் காப்பீட்டிலும், இரவில் காருக்குள் விட்ட பொருளைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று இன்றே படியுங்கள். களைப்பில் ஆம்பைக் காரிலேயே விட்டுவிட்டுத் தூங்கிய இரவுகளும் டைரியில் இருக்கின்றன. பொதுப்பொறுப்புக் காப்பீடு யூனியன் உறுப்பினருக்குச் சந்தாவோடு வருகிறது. யாராவது உங்கள் கேபிளில் தடுக்கி விழுந்தால் அது கைகொடுக்கும். சான்றிதழை இறக்கி போனில் வைத்திருங்கள், சில பப்கள் கேட்கும்.

இன்னொன்று. சில மாதங்களில் பேண்டின் மொத்தக் கூலி 300 உங்கள் கணக்குக்கு வந்து, மற்ற மூவருக்கு 225 போயிருக்கிறது. குடும்பச் செலவும் அதே கணக்கில் ஓடுவதால் எது யார் காசு என்று தெரியவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் முந்நூறும் உங்கள் வரவாகத் தோன்றும். இசைக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறங்கள். பிரித்துக் கொடுக்கும்போது யாருக்கு, எந்த பப், எந்தத் தேதி என்று குறிப்பில் எழுதுங்கள். ஜனவரி 31-இல் இருந்து ஐந்து வருடம் அந்தக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும்.

மனைவி கேட்டதற்கு வருகிறேன். வரி அலுவலகத்தின் கண்ணில் இது தொழில். கூலி வாங்கி, தேதி குறித்து, வருடம் 58 முறை செய்வதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். வீட்டுக்கு வேறு கணக்கு. 58 வார இறுதி இரவுகளில் பிள்ளைகளோடு தனியாக இருந்தது அவர்தான், டைரியில் அது எழுதப்படவில்லை. வருடம் இத்தனை இரவுக்கு மேல் எடுப்பதில்லை என்று ஒரு எண்ணை அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பத்து மைலுக்கு வெளியே 60 பவுண்டுக்குக் கூப்பிட்ட டெப் வேலைகள் போன வருடம் ஒன்பது. அவற்றில் செலவும் வரியும் போக நின்றது மற்ற கிக்குகளைவிடக் குறைவு. வெட்டுவதை அங்கிருந்து தொடங்குங்கள்.