உங்கள் உலைக்கு எந்த உருக்கு? - கேள்வி பதில்

கத்தி அடிக்க உருக்குத் தேர்வது பற்றி வன்னி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும், பரந்தனில் பட்டறை வைத்திருக்கும் என் பதில்களும்.

மாங்குளம்: காட்டுக்கத்திக்கு லொறி வில்லுத்தகடு போதுமா?

தாராளமாக. பெரும்பாலும் அது 5160 என்ற எண் கொண்ட வில்லு உருக்கு வகை, அல்லது அதன் உறவு. கரிமம் 0.6 சதவீதம் அளவில், கொஞ்சம் குரோமியம். பாலைக்கட்டையில் மோதினாலும் வாய் (வெட்டும் விளிம்பு) உதிராது. ஓடிக் களைத்த தகட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். முதலில் சிறு துண்டைச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து உடையுங்கள். முறிந்த முகம் சாம்பல் பட்டுப் போலிருந்தால் நல்லது. சீனி மணியாகத் தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது. காந்தம் ஒட்டாமல் விடுவது சுமார் 770 பாகை செல்சியஸில். தோய்ச்சலுக்கு, அதாவது சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்க, அதற்கும் சற்று மேலே போகவேண்டும். பிறகு, கடினமானது நொறுங்காமலிருக்க, 200 பாகையில் ஒரு மணி நேரம், இரண்டு தடவை. பேக்கரிக்காரர் தெரிந்தவர் என்றால், பாண் எடுத்தபின் ஆறும் போறணை உதவும்.

வவுனியா: மச்சான் கனடாவிலிருந்து டி2 என்ற கருவி உருக்குப் பட்டை கொண்டுவந்தார். எப்படி அடிப்பது?

அடிக்காதீர்கள். அதில் கரிமம் 1.5, குரோமியம் 12 சதவீதம் அளவில். 1010 பாகையை எட்டி, அங்கேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். கரி உலையில் கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை அல்ல. அரைத்து வடிவமாக்கி, மின்னுலை உள்ளவரிடம் கொடுங்கள். அடுத்த முறை மச்சானிடம் ஓ1 என்ற உருக்கைக் கேளுங்கள். 800 பாகை அளவில், எண்ணெயில் கடினமாகும்.

முள்ளியவளை: கட்டடக் கம்பி?

கரிமம் போதாது. பந்தல் முளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விசுவமடு: காணி துப்புரவாக்கும்போது தடித்த இரும்புக் குழாய் கிடைத்தது. நல்ல கனம். கத்திக்கு ஆகுமா?

தம்பி, தொடாதீர்கள். இடத்தை அடையாளமிட்டு, பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ சொல்லுங்கள். மண்ணிலிருந்து வந்த எந்த இரும்பும் என் உலைக்குள் போகாது.

ஒட்டுசுட்டான்: எங்கள் அப்பு தண்ணீரில்தான் தோய்த்தார். எண்ணெய் என்பது புத்தகக்காரர் கதை.

அப்பு பிழை செய்யவில்லை. குரோமியம் இல்லாத வெறும் கரிம உருக்குக்குத் தண்ணீரின் வேகம் வேண்டும். வில்லுத்தகட்டுக்கு அந்த வேகம் கூடிப்போய் 'டிக்' என்று வெடிக்கும். எண்ணெய்க்குக் கடையில் வடை பொரித்த மிச்சமே போதும். பட்டறை மணக்கும், அவ்வளவுதான்.

ஒட்டுசுட்டான், மீண்டும்: வில்லுத்தகட்டையும் தண்ணீரில்தான் போட்டார். ஒன்றும் உடையவில்லை!

உடையாதவை வீட்டில் இருக்கின்றன, ஐயா. உடைந்தவை உலை மூலையில் கிடந்திருக்கும். இன்னொன்று: வாயை மட்டும் நனைத்து எடுத்து, முதுகுச் சூடு வாய்க்குத் திரும்பி வைக்கோல் நிறம் காட்டும்வரை பார்த்திருப்பார். அந்தக் கண் என்னிடம் இல்லை, அதனால்தான் எண்ணெய்.

ஒட்டுசுட்டான், மூன்றாம் முறை: அப்படியானால் உப்புத் தண்ணீர்?

அது இன்னும் வேகம். சூடான உருக்கைச் சுற்றி எழும் ஆவிப்படலத்தை உடைத்துவிடும். இதோடு விடுவோம்.

மல்லாவி: சீவலுக்குப் பாளைக்கத்தி. வில்லுத்தகட்டில் கூர் நிற்கவில்லை.

நிற்காது. பாளையைச் சீவ அடிதாங்கும் குணம் தேவையில்லை, சவரக்கூர் தேவை. பழைய நல்ல அரம், 1 சதவீதத்துக்கு மேல் கரிமம். பற்களை முழுதாக அரைத்துவிட்டு அடியுங்கள். பள்ளம் மிஞ்சினால் அதிலிருந்தே வெடிக்கும். பெயரிங் வளையமும் நல்லது.

நெடுங்கேணி: லொறி வில்லுத்தகடு நல்லதா?

முதல் பதில்.

விசுவமடு: குழாய் கேட்டவன்தான். அது வெறும் தண்ணீர்க் குழாய் என்கிறார் அண்ணன். ஒரு முனையை வெட்டிப் பார்க்கட்டுமா?

அண்ணனையும் கூட்டிக்கொண்டு விலகிப் போங்கள். வெட்டவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். வில்லுத்தகடு ஒரு துண்டு நான் சும்மா தருகிறேன்.