அப்பாவின் குழல்வாய்த் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து, என்ன குண்டு?

கேள்வி: ஐயா, எனக்குச் சாயல்குடிப் பக்கம். அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற அவருடைய பழைய துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, லைசென்ஸ் அவர் பேரில்தான். குழலில் சுண்டுவிரல் நுழையும், உள்ளே புரி (சுருள் வரிப்பள்ளம்) ஓடுகிறது. பன்றி கடலையை விட்டுவைப்பதில்லை. எவ்வளவு மருந்து, என்ன குண்டு போடலாம்? ஒரு தரகர், “நூறு வருடத்துச் சாமான், லைசென்ஸே வேண்டாம், மருந்தும் நானே தருகிறேன்” என்கிறார்.

பதில்: தம்பி, அளவைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழல் இப்போது காலியா? “காலிதான்” என்று சத்தியம் செய்து பழுதுக்குக் கொடுத்த துப்பாக்கியிலிருந்து மருந்தும் ரவையும் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கேப் (சுத்தியல் அடித்ததும் பொறி தரும் சின்ன மூடி) மாட்டியிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். முகத்தையும் உடம்பையும் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், இடிக்கிற கம்பியை மெல்ல உள்ளே விட்டு, குழல்வாய் தொடும் இடத்தில் கம்பியில் ஒரு நூல் கட்டுங்கள். வெளியே எடுத்து, நூல் வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் மேலேயே நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். கம்பி நுனி கேப் மாட்டும் முளைக்குக் கிட்ட வர வேண்டும். மூன்று நான்கு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதை நீங்கள் தோண்டாதீர்கள், லைசென்ஸ் உள்ள பழுதுக்காரர்தான் எடுக்க வேண்டும்.

சரி, மருந்துக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரிட்டிஷ் படையின் 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியாகவோ அதைப் பார்த்து அடித்ததாகவோ இருக்கலாம். குழல் 0.577 அங்குலம். படையில் அதற்குக் கொடுத்த அளவு இரண்டரை டிராம் கருமருந்து, சுமார் 68 கிரெயின், அதாவது நாலரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கூம்பு வடிவக் குண்டு 530 கிரெயின், ஏறக்குறைய 34 கிராம். இதைக் குறித்துக்கொண்டு கெட்டிக்கப் போய்விடாதீர்கள், அது புதுக் குழலுக்கான கணக்கு. உங்களுடையது உப்புக்காற்றில் நின்ற குழல், போதாததற்குக் கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். வெளியே எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பார்கள், உள்ளே விளக்கு விட்டுப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி. அந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் எவனாவது அளவு சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சரி.

குண்டில் எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று. அதே குழலுக்கு உருண்டைக் குண்டு சுமார் 280 கிரெயின்தான், கூம்புக் குண்டு கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. எடை ஏற ஏறக் குழலுக்குள் அழுத்தமும் ஏறும். உருண்டைக்குத் தாங்கிய மருந்தைக் கூம்புக்கும் அப்படியே போடுவது தவறு. உருண்டை குழலைவிட ஒரு நூலிழை சிறிதாக இருக்க வேண்டும், மெழுகோ கொழுப்போ தடவிய துணியில் வைத்து இறக்குவார்கள். இன்னொன்று, 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகள் பல புரியில்லாத 0.656 அங்குலக் குழல்கள். வெளியே பார்த்தால் என்ஃபீல்டு மாதிரியே இருக்கும். ஆகவே கண்ணால் மதிப்பிடாதீர்கள், காலிப்பர் (விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஈயம் சுத்தமானதாக, மெதுவானதாக இருக்க வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். நம் கடற்கரையில் வலைக்குக் கட்டும் ஈயத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். அதில் பாதி பேட்டரித் தகடும் டயர் எடையும் கலந்த கெட்டிச் சரக்கு. கூம்புக் குண்டு வெடிப்பின் வேகத்தில் விரிந்து புரியைப் பிடிக்க வேண்டும், கெட்டி ஈயம் அப்படி விரியாது. அப்புறம், குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும். நடுவே இடைவெளி விழுந்தால் குழல் வீங்கும், சில சமயம் கிழியும்.

இப்போது அந்தத் தரகர். அவர் தரும் ‘மருந்து’ என்னவென்று அவருக்கே தெரியாது. வாணவெடிக்குப் போடுவதாக இருக்கும், இல்லையென்றால் பன்னிரண்டு போர் (12-bore) துப்பாக்கித் தோட்டாவைப் பிரித்துக் கொட்டிய புகையில்லா மருந்தாக இருக்கும். பின்னதைக் கருமருந்தின் அளவில் இந்தக் குழலில் போட்டால் குழல் அல்ல, வெடிகுண்டு. அப்படிப் போட்ட ஒரு குழல் என் மேசைக்கு வந்தது, பின்பக்கம் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. கொண்டுவந்தவர் அதைச் சுட்டவரின் தம்பி, சுட்டவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்தக் குழலுக்குக் கருமருந்து தவிர வேறு எதுவும் கிடையாது, அதையும் லைசென்ஸ் கடையில் உங்கள் லைசென்ஸில் எழுதிய அளவுக்குள் வாங்க வேண்டும்.

“பழைய சாமானுக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்பது பாதி உண்மை, அதனால்தான் முழுப் பொய்யைவிடக் கெட்டது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. பழைய மாதிரி, பழம்பொருள் மதிப்பு உள்ளது, பழுதானது என்று மூன்றைச் சொல்லிவிட்டு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படாதது என்ற நிபந்தனையைச் சேர்த்திருக்கிறார்கள். தரகர் முதல் பாதியை மட்டும் வாசிப்பார். முளை அடைத்திருக்கிறதா, குத்தி எடுத்தால் சுடும், விலக்கு இல்லை. சுத்தியல் உடைந்திருக்கிறதா, மாற்றினால் சுடும், விலக்கு இல்லை. இருநூறு வருடம் ஆகியிருந்தாலும் அப்படியே. நீங்களோ சுடத்தான் அளவு கேட்கிறீர்கள், சுடக்கூடியது என்று நீங்களே சொன்னபிறகு விலக்குக்கு இடமே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம், 5 வருடம் வரை சிறை. அந்த இரண்டு வருடத்தைத் தரகரா உட்காரப் போகிறார்?

நேர் வழி இருக்கிறது, தம்பி. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய் வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு, வாரிசுக்கு மாற்றித் தர 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ், அம்மா, கூடப் பிறந்தவர்களின் சம்மதக் கடிதம், அப்பாவின் லைசென்ஸ் எல்லாம் வைத்துக் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். போலீஸ் அறிக்கை 30 நாளில் வர வேண்டும் என்று விதி சொல்கிறது. நடப்பதைச் சொன்னால் வயிறு எரிகிறது. ஸ்டேஷனுக்குப் போனால் தாசில்தாரைப் பார் என்பார்கள், தாசில்தார் விஏஓவிடம் அனுப்புவார், அவர் அன்றைக்கு முகாமில் இருப்பார், பன்றி அதற்குள் இரண்டு போகக் கடலையைத் தின்றுவிடும். முறையாக மனுப் போட்டவனை அலையவிட்டால் அவன் தரகரிடம்தான் போவான் என்பது இவர்களுக்கு ஏன் உறைக்கவில்லை? மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 30 நாள் கடந்தால் அந்தத் தேதியைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். லைசென்ஸ் வந்தபிறகும் பன்றியைச் சுட வனத்துறையின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும். மயில் பக்கம் திரும்பவே வேண்டாம்.

அதுவரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. இந்த ஒன்றரை வருடமே அதிகம். ஸ்டேஷனுக்கு முதலில் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அப்பாவின் லைசென்ஸோடு கொண்டுபோய் ஒப்படையுங்கள், லைசென்ஸ் உள்ள கடையிலும் ஒப்படைக்கலாம். ரசீதில் ‘பழைய துப்பாக்கி 1’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். குழலில் வெட்டியிருக்கும் எண், குழல் நீளம், பூட்டுத் தகட்டில் உள்ள முத்திரை எல்லாவற்றையும் எழுதச் சொல்லி, கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மனுவோடு அந்த ரசீதின் நகலையும் இணைக்க வேண்டியிருக்கும்.